நான்காவது தட்டு

பனி வாரும் வண்டியை நிறுத்திவிட்டு
நான் படியேறும்போது மணி நாலேகால்.
காயானியில் எல்லா ஜன்னலும் இருட்டு,
எங்கள் அடுப்படி தவிர.

ஓவன் முன்னால் குத்துக்காலிட்டிருக்கிறான் யார்க்கோ.
தோளில் ஆமு. எச்சில் ஒழுக ஒழுக
அவன் பழைய அணிச்சட்டையின் எண்ணைச் சப்புகிறாள்.
பதினேழில் ஏழு பாதி உரிந்துவிட்டது.

"தூங்கினாளா?"
"யாரு?" என்கிறான்.

விடியல் என்று அர்த்தம் அவள் பெயருக்கு.
வைத்தது நாங்கள்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை.
இந்த மாதத்தில் இங்கே பொழுது விடிய ஒன்பதரை ஆகும்.
இவள் மூன்றுக்கே விடிந்துவிடுகிறாள்.

மேசையில் மூன்று தட்டுகள்.
முதலாவது கரி.
இரண்டாவது வெறும் களி.
மூன்றாவதில் ஒன்றை எடுத்து
மேசை விளிம்பில் தட்டிக் காட்டுகிறான்.
மேசைதான் சிராய்க்கிறது.

ஓட்ஸைப் பொடித்து
ஓர் உருளைக்கிழங்கை மசித்து
அரை வாழைப்பழம் சேர்த்து
விரல் நீளத்துக்கு உருட்டி.
உப்பு இல்லை, சர்க்கரை இல்லை,
தேன் கூடவே கூடாதென்று நர்ஸ் இரண்டு முறை சொன்னாள்,
இரண்டு முறையும் இவன் முகத்தைப் பார்த்து.
குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம்.
பிறகு அணைத்துவிட்டு, ஓவன் கதவில் மரக்கரண்டியைச் செருகி
ஈரம் போகும்வரை சும்மா இருக்க வேண்டும்.
அந்தச் சும்மாதான் இவனுக்கு வராது.
தண்டனைப் பெட்டியில் இரண்டு நிமிஷம் உட்கார வைத்தாலே
கதவை உதைக்கிற ஆள்.

பல் இருப்பவர்களால் இதைச் சோதிக்க முடியாதாம்.
எனக்குக் கடிக்கத்தான் தெரியுமாம்.
ஈறுக்குத்தான் ஈறின் கஷ்டம் புரியும் என்கிறான்,
முன்பற்கள் மூன்றையும் டம்ளர் தண்ணீரில்
ஊறப்போட்டிருப்பவன்.

நிஜமான மூன்றும் போனது குஹ்மோ அரங்கத்தில்.
பக்கு நேராக வாயில்.
அன்று இடைவேளையில் ஐஸை மழிக்கும் வண்டி ஓட்டியது நான்.
இரண்டைக் கண்டெடுத்துக்
காகிதக் கோப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஒன்று என் சக்கரத்தோடு போய்விட்டது, மன்னிக்கணும் என்றேன்.
ரத்த வாயால் ஏதோ கேட்டான்.
ஃப்பி, ஃப்பி என்று காற்றுதான் வந்தது.
சரி என்று சொல்லிவைத்தேன்.
காப்பிக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான்காவது தட்டு.
ஒன்றை ஆறவைத்துத் தன் பொக்கையில் பொருத்தி
கண்ணை மூடி அமுக்குகிறான்.
நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறேன்.
"முதல்ல முரண்டு பிடிக்குது," என்கிறான்,
"அப்புறம் விட்டுக்கொடுக்குது."

ஆமு கையில் ஒன்று.
பார்த்தாள். தரையில் போட்டாள்.
இன்னொன்று. அதையும்.
யார்க்கோ குனிந்து குனிந்து பொறுக்குகிறான்,
ஒரு வார்த்தை பேசாமல்.
இப்படியொரு பொறுமை இவனிடம் இருந்ததை
எந்தப் பயிற்சியாளரும் கண்டதில்லை.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டாள்.
அரக்கினாள், அரக்கினாள்,
முகம் சிவக்க, காது சிவக்க.
நுனி கூழானதும் வெளியே எடுத்துப் பார்த்து
திறந்திருந்த அவன் வாயின் இடைவெளியில்
அதைச் செருகிவிட்டாள்.
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

அவன் அசையவில்லை.

துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று
கையுறையைக் கழற்றி, கை கழுவி,
அவள் கீழ் ஈறில் விரலை ஓட்டினேன்.
உப்புக்கல் ஒன்று நெருடியது.
உப்பு போடவே இல்லையே என்று நினைத்தேன்.
இன்னொரு முறை தொட்டேன்.
அது நகரவில்லை.

சொல்வதற்குள் போன்.
ஐந்தாம் எண் சாலையில் மறுபடி பனி,
நிசானெனின் வண்டி கிளம்ப மறுக்கிறதாம்.
யார்க்கோவின் விரலைப் பிடித்து
அவள் வாயில் அந்த இடத்தில் வைத்துவிட்டு
தட்டிலிருந்து இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

சிக்னலில் ஒன்றை வாயில் வைத்தேன்.
சப்பென்றிருந்தது.
பல் படாமல் நாக்கோரம் ஒதுக்கி
அது விட்டுக்கொடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.
பச்சை விழுந்தது.
பின்னால் யாருமில்லை.