அரைப்பேர்

சாவி யாரிடமும் இல்லை.
பூட்டை கிரைண்டரால் அறுத்தோம்.
ஒத்தக்கல் தோட்டத்து ஸ்டோர்,
மூடிப் பதினொரு வருசம்.
இரும்பு கிலோ நூற்றிருபது,
பித்தளைக்கு வேறு கணக்கு
என்று கம்பனிக் கடுதாசி சொன்னது.

மிசினைப் பார்த்தால்
எனக்கு நிறைதான் தெரியும்.
கொழுந்து அரைத்த ரோலர், இரண்டரைத் தொன்.
அதன் இடுப்பில் வார்த்திருந்தது: கிளாஸ்கோ.
"இத எப்புடிண்ணே மலைக்கு ஏத்துனானுவ?"
என்றான் கலாதரன்.
வடம் இரும்போடு கப்பலில் வந்திருக்கும்;
தோள் இங்கே கிடைத்திருக்கும்.
அதை நான் சொல்லவில்லை.
"போல்ட்டைக் கழட்டு" என்றேன்.

வாட்டுமாடியில், பலகைக்குப் பின்னால்,
நாற்பது தகரத் தகடு.
தேயிலைப் பெட்டியில் ஊர்ப்பேர் அடிக்கிற அச்சு.
எழுத்தெல்லாம் ஓட்டை.
லண்டன் தகட்டில் மை ஏறி ஏறி
ஓட்டை பாதி தூர்ந்து கிடந்தது.
ஒன்று மட்டும் நேற்று வெட்டியதுபோல.
எழுத்துக் கூட்டினேன்: ஒடெசா.
வட்டத்தின் நடு விழுந்துவிடாமல்
மேலொன்றும் கீழொன்றுமாக
இரண்டு மெல்லிய நரம்பு
பிடித்துக்கொண்டிருந்தது.

அதற்கடியில் எலி தின்ற செக்ரோல்.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டு.
இந்த மலையில் பேர் என்றால்
கூப்பிடுகிற பேர் இல்லை, ஒரு நாள் கூலி.
நிறுவையில் கொழுந்து குறைந்தால், அரைப்பேர்.
வேலையே இல்லாவிட்டாலும் அரைப்பேர்.
என் அம்மாவுக்கும் அப்படித்தான் போட்டார்கள்,
அவள் முழுப்பேர் இராசம்மா.

மூன்றாம் லயம், செவனம்மா:
ஒன்று, ஒன்று, அரை, அரை,
அரை, அரை, அரை,
பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு.
கோட்டுக்கு அர்த்தம் எழுதியிருக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் குணசிங்கம் வாத்தியார்
மூன்று புரட்சி படிப்பித்தார்.
நீராவியில் ஒன்று,
பிரான்சில் ஒன்று, ருசியாவில் ஒன்று.
மூன்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு புள்ளி.
நான் எடுத்தது நாலு.
இப்போது, தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு,
மிச்சம் எட்டுக்கும் விடை எழுதிப் பார்க்கிறேன்:

அங்கே ராசா விழுந்தார். சரி.
துறைமுகத்தில் பெட்டி இறங்கவில்லை.
கொழும்பு ஏலத்தில் தூளைக் கேட்க ஆளில்லை.
தொரை, கங்காணியைக் கூப்பிட்டார்.
கங்காணி பெரட்டுக்களத்தில்
ஒரு கூட்டத்தைத் திருப்பி அனுப்பினார்.
செவனம்மா வெறுங்கூடையோடு
மழையில் லயத்துக்கு இறங்கினாள்.
உலகத்தில் கூலிக்காரருக்கு விடிந்துவிட்டதென்று
அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது என் ஊகம்.
ஊகம் தராசில் ஏறாது.

மத்தியானம் பூரணி வந்தாள்,
லயத்தில் கோழி வளர்க்கிறவள்.
கீரி வருகிறதாம், கூட்டில் பொத்தல்,
ஒரு தகரத் துண்டு வேணுமாம்.
நல்லதாகப் பார்த்து
ஒடெசாவை எடுத்தாள்.
"இதுலயும் ஓட்டைதானே" என்றேன்.
"கீரிக்கு இது பத்தாது" என்றாள்.
எண்பது ரூபா கேட்டேன்.
ஐம்பது தந்தாள்,
மிச்சத்துக்கு இரண்டு முட்டை.

இருட்டுகிற நேரம் லொறி ஏற்றி முடிந்தது.
கிளாஸ்கோ, கயிற்றுக்குள் படுத்திருந்தது.
கொழும்புக்குப் போகும், அங்கிருந்து
எந்த ஊர் உலையில் உருகுமோ,
எனக்கு ரசீது போதும்.

லயத்து வளைவில் கலாதரன் பிரேக் அடித்தான்.
குஞ்சுகளின் குளிருக்கு
பூரணி கூட்டுக்குள் பல்ப் போட்டிருந்தாள்.
நனைந்த சுவரில், ஆளுயரத்துக்கு,
ஆறு எழுத்து வெளிச்சம்.
பல்ப் ஆட ஆட
அந்த ஊரும் ஆடியது.
ஒரு பெட்டைக்கோழி குறுக்கே நடந்தது.
பாதி எழுத்து மறைந்தது,
பிறகு வந்தது.

"என்னண்ணே எழுதியிருக்கு?"
"ஊர்ப்பேர்டா."
"யாரு ஊரு?"

முட்டை மடியில் உருண்டது.
பிடித்துக்கொண்டேன்.
இறக்கத்தில் இரண்டரைத் தொன்
பின்னாலிருந்து தள்ளியது.