தூங்கும் கணக்கு

மூன்றாம் ஜன்னலில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்,
பெரம்பூர் கிளையில்.
இரண்டு வருஷம் போடாமல் எடுக்காமல் விட்டால்
கணக்கு தூங்கிவிடும்.
எழுப்புவதற்கு ஒரு கடிதம், இரண்டு போட்டோ,
பழைய கையெழுத்தைப் போலவே ஒரு கையெழுத்து.
அதற்கே ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள்.

யூனிஸ் டாலிமோர் சண்டை போட்டதில்லை.
கேரேஜ் ஒர்க்ஸில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர்.
நவம்பர் முதல் வாரம், பூப்போட்ட கவுன், ரப்பர் செருப்பு,
மழைக்கு ஓர் ஆம்பளைக் குடை.
உயிரோடு இருப்பதாக என் எதிரில் கையெழுத்துப் போடுவார்.
"இன்னும் கீறேன்பா, எழுதிக்கோ."

எண்பத்தொன்பதில் குடையோடு ஓர் உறையும் வந்தது.
நகலுக்குச் சான்றொப்பம் வேண்டும் என்றார்.
நான் இரண்டு தடவை படித்தேன்.
நூற்று எழுபத்திரண்டு வருஷமாக யாரும் கோராத பட்டம்.
பெண்ணுக்கும் இறங்கும் பட்டமாம்.
ஆஷ்மியர் சீமாட்டி என்று போட்டிருந்தது.
கீழே அவருடைய விலாசம்: பள்ளம் தெரு, மாடி, பின்பக்கம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்,
வரிசை நீளமில்லாத நாட்களில்.
யாரோ ஒரு பிரபுவின் கடைசி மகன், கோட்டையில் பீரங்கிப்படை,
ராயபுரத்துப் படகுக்காரன் மகளைக் கட்டிக்கொண்டானாம்,
பாதிரி முன்னால், மோதிரம் போட்டு.
ஊரில் அதை யாரும் கல்யாணம் என்று எழுதவில்லை.
துணை என்று எழுதினார்கள்.
அந்த ஒரு சொல்லின்மேல் தலைவைத்து
பட்டம் தூங்கிப்போனது.

பதிவேட்டைக் கண்டுபிடித்தது யூனிஸ்தான்.
ஒன்பது ஞாயிறு, அரண்மனைக்காரத் தெருக் கோயிலில்.
(அர்மீனியர் தெருவை
நம் நாக்கு அப்படி ஆக்கி வைத்திருக்கிறது.
அரண்மனை எதுவும் அங்கே இல்லை.)
கரையான் தின்ற ஓரத்தில்
சின்னத்தாள் என்கிற மரியா.
பக்கத்தில் ஒரு கோடு, அதன்மேல் வளைந்த இன்னொரு கோடு.
கைநாட்டா, படகா, தெரியவில்லை.

பட்டத்தோடு நிலமில்லை, வீடில்லை, ஒரு ஸ்பூன்கூட இல்லை.
தண்ணி லாரி வந்தபோது யாரும் வழிவிடவுமில்லை.
இரண்டு குடம்தான், சீமாட்டிக்கும்.

தொண்ணூற்றொன்றில் போய் வந்தார்.
இரவல் சிவப்பு அங்கி, அந்துருண்டை நாற்றம் என்றார்.
பிரபுக்கள் சபையில் அன்றைக்கு மீன்பிடிப் படகு பற்றி ஏதோ மசோதா.
நான்கு நிமிஷம் பேசினாராம்.
"என்ன பேசினீங்க?"
"சின்னத்தா பேரைச் சொன்னேன். அச்சுல போடுவாங்க இல்ல, அதுக்குத்தான்.
எழுதறவன் எழுத்துக்கூட்டத் தெரியாம எங்கிட்ட ஓடி வந்தான்.
சுருக்கெழுத்துலயே போட்டுக் குடுத்தேன்."
"அங்கேயே இருந்திருக்கலாமே?"
"நவம்பர் வந்துடுச்சே."

பட்டத்துக்கு நாமினி போட முடியாதாம்.
ரத்தம்தான் பார்ப்பார்களாம்.
பிள்ளையில்லாதவர் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.
பாஸ்புக்குக்குப் போடலாமா என்று கேட்டு, போட்டார்:
தேசம்மாள், காசிமேடு.
உறவு என்ற கட்டத்தில்: மீன்.
"மீன் எப்படிம்மா உறவு?"
"முப்பது வருஷமா கடன் குடுக்குது. நீ எழுது."

அப்புறம் ஒரு நவம்பர் மழையோடு முடிந்துபோனது.
குடை வரவில்லை.

தேசம்மாள் தை மாதத்தில் வந்தாள்,
விரலில் செதில் ஒட்டியிருந்தது.
பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
முழுப்பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள்,
நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல்.

அந்த வருஷம்தான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது.
உறவுக்கு ஒரு பட்டியல்: மனைவி, மகன், மகள், சகோதரி.
மீனை அது ஏற்கவில்லை.
மூன்று முறை அடித்துப் பார்த்தேன்.
பின்னால் வரிசையில் முணுமுணுப்பு.

மற்றவை என்று போட்டேன்.