எண்பத்து மூன்றுக்குத் தகடு இல்லை

கோப்பையைவிட அதன் அடிக்கட்டை கனம்.
தேக்கு. மரவாடி நூக்கய்யா கொடுத்தது.
நன்கொடை கேட்டுப் போனோம், கட்டையாகத் தந்தார்.
சுற்றிலும் பித்தளைத் தகடுகள்,
ஆண்டும் அணியும் மட்டும்.
மற்றதெல்லாம் என் நோட்டில்.

முதல் ஆண்டு அறுபத்தெட்டு. ஏழு அணிகள்.
எட்டாவதற்கு வெயில் சாயும்வரை காத்திருந்தார்களாம்;
அவர்களோ ராயபுரத்தில் வேறொரு மைதானத்தில்
இவர்களுக்காகக் காத்திருந்தார்களாம்.
கோல் கம்பம், காசிமேட்டின் பழைய பாய்மரம் இரண்டு.
குறுக்கே கயிறு.
பந்து கயிற்றுக்கு மேலேயா கீழேயா என்று
அன்று தொடங்கிய சண்டை
இரும்புக் கம்பம் வந்த பிறகும் ஓயவில்லை.

எழுபத்து நான்கின் தகட்டில்
வியாசர்பாடிக்கு ‘ர்’ கிடையாது.
செதுக்குகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்டார்.
செயலாளர் காஜாமொய்தீன் சிக்கனமான மனிதர்.

அந்த நாளில் மொத்தம் இரண்டே பந்து.
கால்வாயில் விழுந்தால் எடுத்துவர ஒரு பையன்,
குதிக்கு நாலணா.
கறுப்புத் தண்ணீரிலிருந்து
தலைக்கு முன்னால் பந்து வெளியே வரும்.
அந்த வருஷ நோட்டில் அவன் பெயர் இல்லை.
எண்பத்தொன்றில் இருக்கிறது:
கொருக்குப்பேட்டை, ஒன்பதாம் எண், தேசப்பன்.

எண்பத்து மூன்று இறுதியாட்டம்.
கன்னிகாபுரத்துக்குக் கோல்கீப்பர் நான்.
ஒன்றுக்கு ஒன்று. பெனால்டியில் நாலுக்கு நாலு.
எங்கள் ஐந்தாவது வானத்துக்குப் போய்விட்டது.
மிச்சம் அவர்களுடைய ஒன்று.
தேசப்பன் பந்தைச் சுண்ணாம்புப் புள்ளியில் வைத்து
இரண்டடி பின்னால் போனான்.
அப்போது விளக்குக்காரர் வந்தார்:
“எட்டு மணி ஆச்சு, தண்டையார்பேட்டைல மாப்ள அழைப்பு.”
வாடகை ட்யூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைமேல் ஏறி
மைதானத்தை விட்டு நடந்தன.
ஜெனரேட்டர் வண்டி கடைசியில்.
இருட்டில் இரண்டாயிரம் பேர் விசில்.
நான் கையை விரித்தபடியே நின்றேன், வெகுநேரம்.

மறுநாள் மழை. அடுத்த வாரம்
தேசப்பன் வெல்டிங் வேலைக்குக் கத்தார் போனான்.
பாதிப் பாதி என்றது கமிட்டி.
“பாதிக் கோப்பைல டீ கூட குடிக்க முடியாது”
என்றார்கள் இரு அணியும், அதில் மட்டும் ஒற்றுமை.
முன்கூட்டியே அடித்த இரண்டு ஆணித்துளை,
நடுவில் வெறும் மரம்.
நோட்டில் ஒரே சொல்: நின்றது.
அடுத்த வருஷம் முழங்கால் போய்
நோட்டு என்னிடம் வந்தது. அந்தச் சொல்லை மாற்றவில்லை.

பிறகு நான்கு வருஷம் மைதானத்தில் கன்டெய்னர்கள்.
பிறகு ஒரு வருஷம் சண்டை, போலீஸ், இரண்டு பக்கம் காலி.
இரண்டாயிரத்து ஐந்தில்
காசிமேடு ஒன்பது பேரோடு இறங்கியது.
எதிரணி, யாரும் சொல்லாமலே,
இரண்டு பேரை வெளியே உட்கார வைத்தது.
காரணம் என்ற கட்டத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

பெண்கள் ஆட்டம் தொடங்கியபோது தனிக் கோப்பைக்குக் காசில்லை.
இதையே கால்மணி நேரம் தூக்கிக்கொண்டார்கள்.
கோல்கீப்பர் பிரிசில்லா துளையில் விரலை விட்டாள்:
“இது யாரு சார் ஜெயிச்சது?”
விளக்குக்காரர் என்றேன்.

இப்போது கட்டை நிரம்பிவிட்டது.
மிச்சமிருப்பது அந்த ஓர் இடம்தான்.
இந்த வருஷத் தகட்டை அங்கேயே அடிக்கலாமா என்று
கமிட்டியில் பேச்சு வந்தது.
தேசப்பனும் இருந்தான், நரைத்த தாடி, உப்பிய வயிறு.
“அடிச்சுக்கோங்கபா, எனக்கின்னா” என்றான்.
வேண்டாம் என்றது நான்தான்.
கட்டைக்குக் கீழே இன்னொரு கட்டை வைப்போம்.
நூக்கய்யாவின் பேரனைக் கேட்போம்,
அவன் ப்ளைவுட் தந்தாலும் சரி.

வெளியே வண்டியை எடுக்கும்போது,
கேட்காமலே, நாற்பது வருஷம் கழித்து,
“ரைட்டுல அடிச்சிருப்பேன்” என்றான்.
நான் இடது பக்கம்தான் பாய்ந்திருப்பேன்.
அது எனக்கு அன்றே தெரியும்.
வீடு வரும்வரை யோசித்தேன், நோட்டில் ஏற்றவில்லை.
யாருடைய ரைட் என்று
அவன் சொல்லவில்லை.