முப்பத்தொன்றாம் வருடம்

வங்கிக்கு முப்பது வருடம் போதும்.
அதற்கு முந்தி இந்த மண்ணில்
யானை மேய்ந்திருந்தாலும் கடன் கொடுப்பார்கள்.

சிங்காநல்லூர் சார்பதிவகத்தில் வாங்கிய
எட்டுப் பக்க வில்லங்கச் சான்று.
முதல் வரியிலேயே காலிமனை.
மில் என்றொரு சொல் எங்கும் இல்லை,
நான்கெல்லையில் ஓரிடம் தவிர:
'பழைய மில் ரோட்டுக்கு மேற்கு.'

பதினேழு வருடமாக
அடுத்தவர் வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் பார்க்கிறேன்.
கையெழுத்து வக்கீலுடையது, கண் என்னுடையது.
சம்பளத்தில் சேராத ஒரு கெட்ட பழக்கம்,
முப்பதைத் தாண்டிப் புரட்டுவது.

முப்பத்தொன்றாம் வருடம் ஏலம்.
ரிங் ஃபிரேம் நாற்பத்தாறு,
கார்டிங் மெஷின் இருபத்தெட்டு,
புகைபோக்கி ஒன்று, சங்கு ஒன்று,
வேப்பமரம் ஒன்பது
('பலன் தராதவை' என்று குறிப்பு).
ஆட்கள் அறுநூற்றுப் பதினெட்டுப் பேர்
அட்டவணையில் வரவில்லை.
அவர்களுக்கு லேபர் கோர்ட்டில்
தனி நம்பர் இருந்தது.

இன்னும் பின்னால்,
பைக்காரா கரண்டு வந்த புதிதில்,
சோளக்காடு பதினோரு ஏக்கர்,
கிணறு ஒன்று, ஏற்றம் உள்பட.
வாங்கியவர் இங்கிலீஷில் கையெழுத்து.
விற்ற ராக்கியண்ணன்
இடது பெருவிரல் ரேகை.
ரேகைப் பள்ளத்தில் மண் ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தது.
தொட்டுப் பார்த்தேன். மைதான்.

விண்ணப்பதாரர் யமுனாதேவி, த/பெ. கெம்பையன்.
பதினொன்றாம் மாடி.
பிரிபடாத பாகம் நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.
பென்சிலால் கணக்குப் போட்டேன்:
இரண்டு ரிங் ஃபிரேமை எதிரெதிரே நிறுத்தி
நடுவில் ஒரு சைடர் நடக்க வழி விட்டால்
ஏறக்குறைய அவ்வளவுதான்.
ஒரு ஷிப்டுக்குப் பதினோரு மைல்
நடப்போம் என்கிறது,
தாய்ப்பத்திரக் கட்டில் யாரோ தவறிச் செருகிய
ஒரு சாட்சியம்.
குறுக்கு விசாரணையில்
அது ஒன்பது மைலாகக் குறைந்தது.

புகைபோக்கி நூற்றிருபது அடி.
அதன் வாய் திறந்திருந்த உயரத்தில்
இப்போது இவருடைய சமையலறை.
விளம்பரத் தாளில் போட்டிருக்கிறார்கள்:
முதல் ஐம்பது பேருக்கு
சிம்னி இலவசம்.

சாயங்காலம் போன் வந்தது.
'ஏனுங் சார், வில்லங்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?'
'முப்பது வருசத்துக்கு ஒண்ணும் இல்லீங்.'
'அதுக்கு முந்தி
எங்கப்பா அங்கதானுங் சைடரு.'

நான் பதினொன்றா ஒன்பதா
என்று கேட்டிருக்கலாம்.
அவர் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார்:
'அவருக்கு ரெண்டு முட்டியும் போச்சுங்.
லிப்ட்டு எந்நேரமும் ஓடும்னு
பத்திரத்துல இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்.'

பார்த்தேன்.
கட்டுமான ஒப்பந்தம், இருபத்திரண்டாம் பக்கம்,
பொடி எழுத்தில்:
மின்சாரம் உள்ளவரை.