ஈரக் கழிவு

மனதில் சமாதானம் இருந்தால் அது அவர் சத்தம்
என்றார் போதகர், உபவாசக் கூட்டத்தில்.
அதை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.
எனக்கு ஒன்பது வருடமாகச் சமாதானம்தான்.
படுத்தால் தூக்கம், எழுந்தால் பசி,
நடுவில் இலைக் கொட்டகையில் எடை எழுதும் வேலை.

எபனேசர் மைத்துனர் ஈரோட்டிலிருந்து கூப்பிட்டார்:
மில்லில் கணக்கு வேலை, வீடும் உண்டு, குளிர் கிடையாது.
போகவா, கட்டபெட்டிலேயே இருக்கவா?
முழங்காலில் நின்று கேட்டேன். பஸ்ஸில் நின்று கேட்டேன்.
கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தேன்.
யார் யாருக்குப் பிறந்தார்கள் என்ற
நீளமான பட்டியல் ஒன்று வந்தது.
மூடி வைத்தேன்.

அமைதியில் பேசுவார் என்பார்கள்.
இங்கே அமைதிக்கு என்ன பஞ்சம்?
நாலு மணிக்கு மேகம் இறங்கினால்
பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட
பஞ்சு சுற்றித்தான் வருகிறது.
மூடுபனி பேசாமல் இருப்பதற்கும்
அவர் பேசாமல் இருப்பதற்கும்
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே அந்தப் பழைய வழி.
முன்பு ஒருவன் யுத்தத்துக்குப் போகுமுன்
களத்தில் ஆட்டுத்தோலை விரித்தானே,
தோல் நனையட்டும், தரை காயட்டும் என்று.
அவன் ஊர் வெயில் ஊர்.
நான் வெலிங்டனில் வாங்கிய ராணுவக் கம்பளியை
வாசலில் போட்டேன்.
காலையில் கம்பளி நனைந்திருந்தது.
படி நனைந்திருந்தது. செருப்பு நனைந்திருந்தது.
நாய் நனைந்திருந்தது.
நீலகிரியில் அவர் இப்படிப் பதில் சொன்னால்
எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஆம்தான்.

மாற்றிக் கேட்டேன். பிப்ரவரி வரட்டும்,
கம்பளி காய்ந்தே இருந்தால் போகிறேன்.

விடிந்ததும் தொட்டுப் பார்த்தேன்.
குளிரில் விரலுக்குத் தெரியாது
இது ஈரமா, வெறும் சில்லிப்பா என்று.
கன்னத்தில் வைத்தேன். அதற்கும் தெரியவில்லை.
எடைக்காரன் புத்தி,
முந்தின சாயங்காலமே நிறுத்து வைத்திருந்தேன்:
இரண்டு கிலோ நூறு.
வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும்
சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்
ஆள் வருமுன் கொட்டகையைத் திறந்து
இலைத் தராசில் போட்டேன்.

இரண்டு கிலோ நூறு.
எடுத்து மறுபடி போட்டேன்.
இரண்டு கிலோ நூறு.
ராத்திரி முழுக்க மலை ஒரு சொட்டும் இறக்கவில்லை.

சரி, ஈரோடு என்று திரும்பினால்
மேஜையில் விரிந்து கிடந்தது பதிவேடு.
இன்றைய தேதி. என் கையெழுத்து.
நேரம் மிச்சமாகட்டும் என்று
நேற்றே எழுதி வைத்த இருபத்தாறு பெயர்கள்,
சவரியம்மா, மாதி, காளியின் மருமகள் ரத்தினம்,
ஒவ்வொரு பெயருக்கும் நேராக
ஈரக் கழிவு: இரண்டு கிலோ.

பனி பெய்யாத இரவுக்கு
நான் முன்கூட்டியே பெய்து வைத்த பனி.

நான் கேட்ட கேள்வி இதுவல்ல.
வானம் திறக்கவில்லை. உடம்பு சிலிர்க்கவில்லை.
தராசின் சிவப்பு எண்கள் மட்டும்
மினுக்கிக்கொண்டிருந்தன.
என் குரலாக இருந்திருந்தால்
ஒரு சாக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கும்:
மேலிடத்து உத்தரவு, எல்லாக் கொட்டகையிலும் வழக்கம்,
பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டாமா.
அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்,
ஒன்பது வருடம் அதோடுதான் தூங்கினேன்.
இது சாக்கு எதுவும் தரவில்லை.
ஒரு எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

ஈரோட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
இரண்டு கிலோவை ஒன்பது வருடத்தால் பெருக்க
இன்னும் தைரியம் வரவில்லை.

பதினொரு மணிக்கு முதல் மூட்டை, சவரியம்மாவுடையது.
இருபத்தேழு நானூறு.
இருபத்தேழு நானூறு என்றே எழுதிக் கொடுத்தேன்.
சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.
மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன சார், தராசு ரிப்பேரா?"