எண்ணூற்று எண்பத்தெட்டு

சந்தா எவ்வளவு என்ற கூட்டத்தில்
கடைக்கு மாதம் எண்ணூற்று எண்பத்தெட்டு திர்ஹம் என்று
ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
எங்கள் பக்கத்தில் எட்டு என்றால் சனி.
வண்டி நம்பரின் கூட்டு எட்டு வந்தால்
வாங்க வந்தவன் டயரைக்கூடப் பார்க்காமல் திரும்புவான்.
இங்கே மூன்று எட்டுகள்
தோள்மேல் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன.
மேசைக்கடியில் விரல்விட்டுக் கூட்டினேன்:
இருபத்து நான்கு. ஆறு. சுக்கிரன்.
சரி, ரசீது அச்சடிக்கலாம் என்றேன்.

தேராவின் பின்தெருவில் ஐம்பத்தேழு சீனக் கடைகள்.
அவற்றின் மேம்பாட்டுச் சங்கத்துக்குச்
சம்பளம் வாங்கும் செயலாளர் நான்,
காயல்பட்டினத்து ஆள்.
குப்பைத்தொட்டி, தெருவிளக்கு, லாரி நிற்கும் நேரம்,
பலதியாவுக்கு அரபியில் மனு,
கடைகளுக்குச் சீனத்தில் சுற்றறிக்கை.
அதை எழுதித் தருவது நூடுல்ஸ் கடை மா குவாங்யுவானின் மகள்,
பக்கத்துக்கு ஒரு மாம்பழ ஜூஸ் கூலி.

எங்கள் தெருவில் நாலாம் எண் கடை கிடையாது.
மூன்று, மூன்று-அ, ஐந்து.
எங்கே நாலு என்று கேட்டார் பலதியா ஆய்வாளர்.
இவர்கள் பேச்சில் நாலும் சாவும்
ஏறக்குறைய ஒரே ஓசை என்றேன்.
எங்கள் பேச்சிலும் கடைசியில்
நாலு பேர்தான் வருவார்கள் என்று சொல்ல வந்து
விழுங்கிக்கொண்டேன்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

இருபத்திரண்டாம் கடை யூ பெய்ஷியா,
பட்டன், ஜிப், கொக்கி மொத்த வியாபாரம்,
ஏழு மாதமாகச் சந்தா தரவில்லை.
புத்தாண்டுக்கு நூற்றிருபது சிவப்பு லாந்தர் என்று
பேச்சு வந்தபோது எழுந்தாள்.
கடைத்தெரு இந்தியில் சொன்னாள்:
"போட்டோ எடுக்க வருகிறவன் பட்டன் வாங்குவதில்லை.
வடிகாலில் மண். முதலில் அதை அள்ளு."
மழையே பெய்யாத ஊரில் வடிகாலா என்று சிரித்தார்கள்.
லாந்தருக்கு நாற்பத்தொன்று.
வடிகாலுக்கு ஒன்பது.
மீதி ஏழு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எண்பது லாந்தர்தான் வாங்கினேன்.
மிச்சப் பணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் ஆள்விட்டு
இரண்டு வடிகால் அள்ளினேன்.
கணக்கில்: "லாந்தர் கட்டுக்கூலி."
திருட்டுதான். வேறு பேர் இல்லை.

மார்ச்சில் மழை வந்தது.
ஒரு இரவில் மூன்று வருஷத்து மழை.
லாந்தர்ச் சாயம் இறங்கி
வெள்ளைச் சுவரெல்லாம் வெற்றிலை துப்பிய மாதிரி.
மேற்குக் கோடியில் முழங்கால் தண்ணீர்;
அவள் வாசலில் கணுக்கால்.
கணுக்கால் போதும் அட்டைப்பெட்டிக்கு.
மரப் பட்டன்கள் தெருவில் மிதந்து போயின,
சிப்பிப் பட்டன்கள் உள்ளேயே மூழ்கிக் கிடந்தன.
காப்பாற்றிவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல முடியாத
அரைகுறைக் காப்பாற்றல்.

நாலாம் நாள் ஆபீசுக்கு வந்தாள்.
ஹேர் டிரையரில் காயவைத்த நோட்டுகள்,
அப்பளம்போல் நெளிந்து.
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாறு. ஏழு மாதம்.
எண்ணி முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை.
பிறகு, "எண்பது தொங்கியது," என்றாள்.
"நான் எண்ணினேன்."
ஏசி மட்டும் இரைந்தது.
"அடுத்த வருஷம் நாற்பது போதும்."

ரசீது எழுதப் புத்தகத்தைத் திறந்தேன்.
எண் 214.
தலைகீழாகவே படித்துவிட்டு விரலால் தட்டினாள்.
கிழித்தேன். 215ல் எழுதிக் கொடுத்தேன்.

ஜூனில் தணிக்கைக்காரர் வருவார்.
எண்பதும் நூற்றிருபதும் இருக்கட்டும்,
அவர் முதலில் கேட்கப்போவது
இழுப்பறையில் நான் மடித்து வைத்திருக்கும்
இந்த வெற்று 214ஐத்தான்.