கீழ்க் கீல்

தடைக்காலப் பணம் வந்த அன்றே
வட்டிக்காரர், மளிகைக்கடை, மகனின் பள்ளிக்கூடம்
ஆளுக்கொரு கவளம் எடுத்தது போக
மிஞ்சியது எழுநூற்றுப் பத்து.

"நம்ம வாசலப் பாத்தீங்களா" என்றேன் இன்னாசியிடம்.
பதினோரு வருஷமாக அதில் நுழைகிறவர்
பெண் பார்க்க வந்தவர் மாதிரி தள்ளி நின்று பார்த்தார்.
கதவின் அடியை உப்பு தின்று
எலி ஒன்று குனியாமல் போய்வரலாம்.
கதவு எண் நாற்பத்தேழில்
ஏழு உதிர்ந்து நாலு மட்டும் நிற்கிறது.
எங்கள் கேஸ் சிலிண்டர் எப்போதும்
நாலாம் நம்பர் மேரி லூர்து வீட்டில்தான் இறங்கும்.

பச்சை மட்டும் இனாம்.
விசைப்படகுக்கு அடித்ததில் மிச்சம், கால் டின்.
"டின்னத் திருப்பிக் குடுத்துரு" என்றார்
சம்மாட்டி சவரிராயன்.
உப்பு தின்ற கதவைத் தேய்க்க
உப்புத்தாள் நாலு.
பிரஷ், டர்பன்டைன், வாசலுக்கு ஒரு பல்பு.
சமையல் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து
ஓட்டையில் அறைந்தோம்.
அதிலிருந்த சூரியகாந்திப் பூ
இரண்டு பூச்சுக்குப் பிறகும் எட்டிப் பார்க்கிறது.

தங்கச்சிமடம் ஹார்டுவேர் கடையில்
பித்தளைக் கீலின் விலையை
இரண்டு தரம் கேட்டேன்.
காதில் கோளாறில்லை.
ஒன்று முந்நூற்று எண்பது.
"ஜோடியாத்தான்க்கா தருவோம்" என்ற பையனிடம்
"எங்க வீட்லயும் ஒத்தைக் கதவுதான் தம்பி" என்று சொல்லி
ஒன்றே ஒன்று வாங்கி வந்தேன்.

உதிர்ந்த ஏழை
மகன் வொயிட்னரால் எழுப்பி நிறுத்தினான்,
கொஞ்சம் சாய்வாக.

மத்தியானம் பூசி முடித்தோம்.
மூன்று மணிக்குக் கச்சான் எழுந்தது.
தெருமணல் மொத்தமும்
கூப்பிடாத விருந்தாக வந்து
ஈரப் பச்சையில் உட்கார்ந்துகொண்டது.
இன்னாசி காற்றைத் திட்டினார்,
நான் இன்னாசியைத் திட்டினேன்.
தேய்த்து மறுபடி பூச
டின்னில் சொட்டு இல்லை.

சாயங்காலம் மேரி லூர்து வந்தாள்.
உள்ளங்கையால் கதவைத் தடவி,
"டெக்ஸ்சர் பெயிண்டா? சதுர அடி என்ன ஆச்சு?"
வாய்க்கு வந்த தொகையைச் சொன்னேன்.
ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்
அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடை முடிந்து
ஒரு சனிக்கிழமை கடலுக்குப் போனார்கள்.
ஞாயிறு, கோழி கூப்பிடும் முன்
மேல் கீல், பித்தளை,
மூச்சுக்கூட விடவில்லை.
கீழ்க் கீல் பழைய இரும்பு.
கிர்ர்ரென்று இழுத்தது.
மீன்வாடை உள்ளே வருமுன்பே
எனக்கு விழிப்பு வந்துவிட்டது.

"அதுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுர்றேன்,
தூக்கம் கெடுதுல்ல" என்றார்,
சட்டையில் செதிலோடு.

"எண்ணெய் தீந்துபோச்சு" என்றேன்.
அடுப்புக்குப் பின்னால்
அரை பாட்டில் இருந்தது.